மூட்டைப் பூதம்

முஃபீதா மறுபடியும் அழுதுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. அடுப்பில் தால்ச்சா கொதித்துக்கொண்டிருந்தது. வெங்காயம் உரித்து, அரிந்து, வதக்கியும் ஆகிவிட்டது. ஆகவே வெங்காயத்தின் மேல் பழி போட வழியில்லை.

பீர் மைதீன் அடுப்படி வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தான். அவள் கையிலிருந்ததைச் சட்டென்று அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன புள்ள, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மச்சான். கண்ணுல தூசி."

தூசியாம். பதினோரு வருஷம் தம்மாமில் மணல்காற்றைத் தின்று வாழ்ந்தவனிடம் தூசி என்கிறாள். இந்த ஆறு மாதத்தில் இது நாலாவது தூசி.

ஆறு மாதத்துக்கு முன்புதான் பீர் மைதீன் சவூதியை முடித்துக்கொண்டு மேலப்பாளையத்துக்கே வந்து சேர்ந்திருந்தான். அங்கே அரிசிக் குடோனில் வேலை. இங்கே வந்ததும் கடைத்தெருவில் சின்னதாக ஓர் அரிசிக்கடை வைத்துக்கொண்டான். அரிசி அவனை விடவில்லை. ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம், முன்னால் தொந்தி, மேலே பளபளவென்று வழுக்கை, அதற்குக் கீழே உளுந்தம்பருப்பு மாதிரி இரண்டு கண். பேச்சு மிகக் கொஞ்சம். போன் வசதியெல்லாம் வந்த பிறகும், தம்மாமிலிருந்து கூப்பிட்டால் "சாப்டியா, புள்ள சாப்டுச்சா" என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வராது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விடுமுறை. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து, பக்கத்துத் தெரு டாக்சிக்காரர் ஹசன் அலியின் காரில், கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்குவான். நாற்பத்தைந்து நாளில் திரும்பிவிடுவான். புறப்படும்போதெல்லாம் முஃபீதா வாசலில் நின்று சிரித்த முகமாகத்தான் வழியனுப்புவாள். பயணம் போகிறவர் முன்னால் அழக்கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். அதைச் சொல்லிக்கொடுத்ததே பீர் மைதீனின் உம்மாதான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இந்த நாலு தூசிக்குப் பிறகு அவன் மனம் வேறு கணக்குப் போட ஆரம்பித்தது. நமக்காக ஒரு சொட்டு விடாதவள் யாருக்காக இப்படிக் குடம் குடமாகக் கொட்டுகிறாள்?

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டான். வந்தது ஒரு புத்தகம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படம், நடுவே ஆங்கிலத்தில் பேச்சு. ஜப்பான்காரர்களின் படக்கதை. மாங்கா என்று பெயர். முஃபீதா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் பாட நேரத்தில் ஒருத்தி ஒளித்துவைத்துப் படித்த மாங்காவைப் பிடுங்கினாள். பிடுங்கியதை ஹெட்மாஸ்டரிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கம் புரட்டினாள். அதிலேயே விழுந்துவிட்டாள். பிறகு தன் சம்பளத்திலேயே வாங்கத் தொடங்கிவிட்டாள். இது பீர் மைதீனுக்குத் தெரியும். பிள்ளைகள் படிக்கிற சமாச்சாரம் என்று அவன் கண்டுகொண்டதில்லை.

அட்டையைத் திறந்தான். ஆங்கிலத்தில் பெரிதாக "நில்" என்று போட்டு, ஓர் அம்புக்குறியும் போட்டு, கீழே பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. பேய்க்கதை என்றால் இதயம் பலவீனமானவர்களுக்கு எச்சரிக்கை போடுவது வழக்கம்தான். பீர் மைதீனின் இதயம் அப்படிப்பட்டது இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

எடுத்த எடுப்பிலேயே ஈரம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். படம் முழுக்க ஒரு பையன். இருபது வயது இருக்கும். ஒட்டிய வயிறு, ஒடிகிற இடுப்பு, நெற்றியில் புரளும் வெள்ளி நிற முடி, கையில் நீளமான வாள். கீழ் மூலையில் வெட்டுப்பட்டு விழுந்து கிடக்கும் ஏதோ ஒரு பூதம். கண்ணீர் அந்த மூலையில் சொட்டி, காகிதம் அப்பளம் மாதிரிச் சுருங்கியிருந்தது.

பீர் மைதீன் அந்தப் பையனை வெகுநேரம் பார்த்தான். அந்தப் பையனும் அவனை அலட்சியமாகப் பார்த்தான். முதல் பக்கத்திலேயே, இவன் மூஞ்சியைப் பார்த்த உடனேயே, அவளுக்கு அழுகை வந்திருக்கிறது என்றால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்.

எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, மூன்று நாள் கடையில் உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் படித்தான். ஆங்கிலம் அவனுக்குக் குடோன் அளவுக்குத் தெரியும். ஆனாலும் கதை கொஞ்சம் முரண்டு பிடித்தது. பக்க எண் நூற்றுத் தொண்ணூறில் தொடங்கி இறங்கிக்கொண்டே போனது. உலகம் அழிகிற கதையாதலால் நாளை எண்ணிக் குறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். ஒருவன் முதலில் பதில் சொன்னான், அதற்குப் பிறகு மற்றவன் கேள்வி கேட்டான். ஜப்பானில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள் போலும். பேச்சை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தால் ஓரளவு பிடிபட்டது.

உலகம் அழிந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் விஷப்புகை. மிச்சமிருக்கும் மனிதர்கள் ஒரு மலைச் சுரங்கத்துக்குள், இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். வெளியே புகைக்குள் பூதங்கள். வெள்ளிமுடிப் பையன் சுரங்கத்தின் காவல்காரன். அந்தப் பூதங்களில், தொந்தியும் மொட்டைத் தலையுமாக ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு படத்தில் அது புகைக்குள் தூரத்தில் முதுகு காட்டி நிற்கிறது. அடுத்த படத்தில் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, கதவில் இருக்கும் சின்னச் சன்னல் வெளிச்சத்தை எட்டிப் பார்க்கிறது. காலடியில் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு மூட்டை. அதற்கடுத்த படத்தில் மூட்டை இரண்டும் அதன் தோளில். மூன்று இடத்தில் இதே கதை.

மூட்டைத் திருட்டு. பீர் மைதீனுக்கு அந்தப் பூதத்தை அடியோடு பிடிக்கவில்லை. குடோனில் இருந்தவன், மூட்டை திருடுகிறவர்களைப் பார்த்தாலே அவனுக்கு ஆகாது. முதல் பக்கத்திலேயே வெட்டு வாங்கியும் திருந்தாமல் மறுபடி மறுபடி வந்து நிற்கிறதே, ரோஷம் கெட்ட ஜென்மம். அதை வெட்டுகிற வெள்ளிமுடியானோ பார்க்க லட்சணமாக இருந்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

சரி, பொம்பளைக்கு இதுதான் பிடிக்கிறது என்றால் நாமும் இதுவாக ஆகிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தான்.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் பாளையங்கால்வாய்க் கரையில் நடக்க ஆரம்பித்தான். நடை, பிறகு ஓட்டம். காலையில் கொள்ளுக்கஞ்சி, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி வெந்நீர். முஃபீதா நெய்ச்சோறு ஆக்கினாள், வேண்டாம் என்றான். வட்டிலப்பம் செய்தாள், இனிப்பு ஆகாது என்றான். கறியைத் தட்டில் வைத்தபோது தட்டையே நகர்த்தி வைத்தான். பதினோரு வருஷம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவள், புருஷன் வந்ததும் ஆக்கிப்போட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். பட்டியலில் பாதிகூட முடியவில்லை.

"என் கையால ஆக்குனது ஒங்களுக்குப் புடிக்கலயா மச்சான்?"

"வவுறு கொறையணும்."

"அது பாட்டுக்குக் கெடக்கு. ஒங்கள என்ன பண்ணுச்சு அது?"

என்ன பெரிய மனது பார், நடிக்கிறாள் என்று நினைத்தான். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு கிலோ போனது. சட்டைக்குள்ளே ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டியதாயிற்று. முஃபீதா அவனைப் பார்க்கிற பார்வையில் பயம்தான் கூடியது. ஒருநாள் ரத்தம் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றுகூடச் சொன்னாள்.

வயிறு ஒட்டியும் வேலைக்கு ஆகவில்லை. மிச்சமிருந்தது முடி. வண்ணார்பேட்டையில் முடி பொருத்துகிற கடை வைத்திருந்த அப்பாத்துரை, வெள்ளிநிற முடி கேட்டு வந்த முதல் ஆளை இரண்டு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எல்லாரும் வெள்ளயக் கறுப்பாக்கத்தான் இங்கன வருதாவ. நீங்க ஏன் தலகீழா கேக்கிய?"

"நெத்தியில வந்து விழணும்" என்று மட்டும் சொன்னான் பீர் மைதீன். அப்பாத்துரை வரவழைத்துக் கொடுத்தார். பசை போட்டு ஒட்டி, கண்ணாடியையும் காட்டினார். கண்ணாடியில் தெரிந்தவனைப் பார்த்து பீர் மைதீனே ஒரு கணம் சலாம் சொல்லப் போய்விட்டான்.

பசை போட்ட முடியோடு ஒரு மனிதன் என்னவெல்லாம் செய்யலாம் என்று அப்பாத்துரை விவரமாகச் சொல்லியிருந்தார். குளிக்கலாம், தூங்கலாம், பைக் ஓட்டலாம். தொழுகைக்கு முன் ஒளு செய்வதைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. தொப்பியைப் போட்டு முடியை மறைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போன பீர் மைதீன், தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் ஓரத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து கை, வாய், முகம் கழுவி முடித்தபோதுதான், அடுத்தது தலை என்பது அவனுக்கு உறைத்தது. ஈரக்கையால் தலையைத் தடவ வேண்டும். தடவுவது அவன் தலையையா, அப்பாத்துரை கடைச் சரக்கையா? மஸ்அலா என்கிற மார்க்க விளக்கம் கேட்க அங்கே நேரமில்லை. யாரும் பார்க்காமல் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே ஈரக்கையை விட்டான். பசை விட்டுக்கொடுத்தது. வெள்ளிமுடி வழுக்கிப்போய் ஹவுளில் விழுந்து, மீன்களுக்கு நடுவே மெல்ல மிதந்து போனது.

எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பூனைக்குட்டி தண்ணியில் விழுந்துவிட்டது என்று கூப்பாடு போட்டார். நாலு பேர் இரக்கப்பட்டு எழுந்து ஓடினார்கள். பாங்கு சொல்லும் மோதினார் ஷமீம் ஒட்டடைக் கம்பைக் கொண்டுவந்து பூனையைக் கரை சேர்த்தார். அதைப் பிழிந்து பார்த்தவர், கூட்டத்தில் யாருடைய தலை பசை மினுங்க இருக்கிறது என்று நிதானமாகத் தேடி, உரியவரிடம் ஒப்படைத்தார்.

மேலப்பாளையத்தில் செய்திக்குக் கால் முளைத்துப் பல காலமாகிறது. பீர் மைதீன் வீட்டுக்கு வருமுன் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. கொடியில் காய்ந்த முடியைப் பார்த்து மகள் அஃப்ரா உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். முஃபீதா முடியைக் கையில் எடுத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகம் கறுத்துவிட்டது.

"இது அவன் முடிதான" என்றாள்.

பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு முடியை வைத்தே ஆளை அடையாளம் சொல்கிற அளவுக்குப் போயிருக்கிறது. 'அவன்' என்று வேறு சொல்கிறாள். அன்றைக்கு பீர் மைதீன் கொள்ளுக்கஞ்சியும் குடிக்கவில்லை.

போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, ஆளையே ஒழித்துவிடலாம் என்று அடுத்த யோசனை வந்தது. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும் புத்தகத்தைத் தூக்கிப் பழைய பேப்பர்காரனிடம் போட்டான். வெள்ளிமுடியான் தராசில் கால் கிலோகூட இல்லை. அது ஒரு திருப்தியாக இருந்தது.

சாயங்காலம் முஃபீதா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். கட்டிலுக்கு அடியில், பரணில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எல்லாம் தேடினாள். பார்த்தியளா என்று கேட்டாள், இல்லை என்று சொல்லிவிட்டான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, இந்தத் தடவை தூசி என்றுகூடச் சொல்லாமல் அழுதாள். வாயில்லாத ஜீவனைத் தெருவில் விட்ட மாதிரி இருக்கிறது என்றாள். பீர் மைதீனுக்கு மனசு கேட்கவில்லை. பொறாமை பொறாமைதான், ஆனால் அவள் தரையில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. மறுநாளே கடையிலிருந்து போனில் அதே புத்தகத்துக்கு ஆர்டர் போட்டான்.

அட்டை ஒன்று போலத்தான் இருந்தது. வந்த பெட்டியைப் பிரித்தபோதுதான் ஒன்று இல்லை, முழு வரிசை என்று தெரிந்தது. ஒன்பது புத்தகம், ஒன்பது அட்டை, ஒன்பதிலும் அவன். ஒரு வெள்ளிமுடியானை வீட்டைவிட்டு விரட்டப்போய் ஒன்பது பேரைக் கைக்காசு போட்டு அழைத்துவந்தாயிற்று. முஃபீதா சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், மகள் பார்க்க அவள் கையைப் பிடித்தது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடாமல் ஒன்பது பேரும் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஒன்பதில் அந்தப் பழைய அட்டை போட்ட புத்தகத்தைத் திறந்து பார்த்தான். அதே பக்கம். அதே கீழ் மூலை. அதே ஈரம்.

அன்று மாலை டீ குடிக்கும்போது முஃபீதா அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். புத்தகம் ஒன்று மடியில் இருந்தது. ஏதோ சொல்ல வருகிறாள், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் இதப் படிச்சியளா மச்சான்?"

"படிச்சேன்."

"முழுசுமா?"

"ஒரு பக்கம் விடல."

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப ஒங்களுக்கு யாரப் புடிச்சுது?" என்று கேட்டாள்.

பீர் மைதீன் யோசித்தான். போட்டி போட்டாயிற்று, ஒழித்துப் பார்த்தாயிற்று. இனி விட்டுக்கொடுத்துப் பார்ப்போம், அவளுக்குப் பிடித்தவனைப் புகழ்ந்தால் நம்மையும் கொஞ்சம் பிடிக்கும் என்று தோன்றியது. அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"அந்த வெள்ளிமுடிப் பையந்தான். ஆம்பளன்னா அவன்லா ஆம்பள."

"அப்ப அந்தப் பூதம்?"

"எது, அந்தத் தொந்திப் பயலா? குடும்பம் குட்டியோட மனுசர் இருக்க எடத்துல அதுக்கு என்ன சோலி? சும்மா சும்மா வாசல்ல வந்து நிக்கி. வராம அங்கனயே கெடக்க வேண்டியதுதான. வெட்டுனது ரொம்பச் சரி."

"அங்கனயே கெடக்கணுமா?"

"கெடக்கணும். அதான் எல்லாருக்கும் நல்லது."

முஃபீதா டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கிளாஸில் பாதி டீ இருந்தது. அதை அவன் இன்னும் குடித்து முடிக்கவில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. மூன்று நாள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைப்பாள், போவாள்.

பீர் மைதீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புகழ்ந்தும் பிடிக்கவில்லை. அவனைப் பற்றிப் பேசவே நமக்கு அருகதை இல்லை என்று நினைக்கிறாள். பதினோரு வருஷம் ஆள் இல்லாத வீட்டில் வேறொருவன் இடம் பிடித்துவிட்டான். காகிதத்தில் வரைந்தவன்தான், ஆனால் அவன் தினமும் கூட இருந்திருக்கிறான். காகிதத்துக்கு இருக்கிற இடம் தனக்கு இல்லை என்று நினைத்தபோது அவன் கண்ணிலும் தூசி விழுந்தது.

மறுநாள் தம்மாமுக்குப் போன் போட்டான். பழைய குடோன் மேனேஜர் ஒரு மலையாளி, நல்ல மனிதர். உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, எப்போது வருகிறாய் என்றார். ஒரு மாதத்தில் விசா வந்துவிட்டது. கடையைத் தம்பி ஆதிலிடம் ஒப்படைத்தான்.

முஃபீதாவிடம் சொன்னபோது அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தினாள்.

"ஒங்க மனசுல அதான் இருந்துச்சுன்னா போயிட்டு வாங்க" என்றாள். "நான் என்ன சொல்லட்டும். அதான் அன்னைக்கே சொல்லிட்டியள்லா."

என்ன சொன்னோம் என்று பீர் மைதீனுக்கு நினைவில்லை. போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று குழாயடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவள் மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

புறப்படுகிற நாளும் வந்தது. மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் ஹசன் அலியின் கார் வாசலில் வந்து நின்றது. கயிறு கட்டிய பெட்டி இரண்டும் நடையில் தயாராக இருந்தன. இந்தத் தடவை உள்ளிருந்து வெளியே போகிற பெட்டி. ஊறுகாய், பொரிவிளங்காய், கருவாடு, மெலிந்து போனபின் தைத்த புதுச் சட்டைகள். வெள்ளிமுடியை மட்டும் வைக்கவில்லை.

முஃபீதா நிலைப்படியில் நின்றாள். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு. ஒரு சொட்டு இல்லை. பீர் மைதீன் அதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, பாஸ்போர்ட்டை எடுக்க உள்ளறைக்குப் போனான். போகும்போது, ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் புறப்படலாம் அண்ணே என்று சொல்லி, ஹசன் அலியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனான்.

ஹசன் அலிக்கு அறுபது வயது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். மேசையில் அடுக்கியிருந்த ஒன்பது புத்தகத்தில் மேலே கிடந்ததை எடுத்தார். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை. ஆங்கிலம் கிடக்கட்டும், தமிழே பஸ் போர்டு அளவுக்குத்தான். சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதோடு சரி. ஆகவே அவர் கை தன் பழக்கத்தில், ஓதும் அரபுக் கிதாபைத் திறக்கிற மாதிரியே, பீர் மைதீன் கடைசி என்று நினைத்திருந்த அட்டையைத் திறந்தது. விரலை வலப்பக்கத்துப் படத்தில் வைத்து, ஒவ்வொன்றாக இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனார். எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

பாஸ்போர்ட்டோடு வெளியே வந்த பீர் மைதீனுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக வந்தது.

"அண்ணே, பின்னாலேர்ந்து பாக்கிய. முன்னாலேர்ந்து பாரும்" என்றான்.

ஹசன் அலிக்குக் காது கேட்கவில்லையா, கதையில் மூழ்கிவிட்டாரா தெரியவில்லை. திருப்பிக்கொண்டே இருந்தார். முஃபீதா நிலைப்படியிலிருந்து ஓர் அடி உள்ளே வந்திருந்தாள். சிரிப்பு இப்போது முகத்தில் இல்லை. ஹசன் அலியின் விரல் போகிற இடமெல்லாம் அவள் கண்ணும் போயிற்று. அவர் விரல் புத்தகத்தின் மறுகோடிக்கு வந்து, ஈரத்தில் சுருங்கிக் காய்ந்த அந்தக் கீழ் மூலையில், வெட்டுப்பட்டுக் கிடந்த பூதத்தின் மேல் நின்றது. பூதத்தின் கை இரண்டும் வெறுங்கையாக இருந்தன. மூட்டைகள் கதவுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தன.

ஹசன் அலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து, நடையில் கிடந்த கயிறு கட்டிய பெட்டிகளைப் பார்த்தார், பிறகு பீர் மைதீனைப் பார்த்தார்.

"ஏ மைதீனு, இந்தப் பூதமும் உம்ம மாதிரில்லா வே இருக்கு, ரெண்டு மூட்டையச் சொமந்து கொண்டாந்து வாசல்ல வச்சுட்டு, வீட்டு வெளிச்சத்த ஒரு பார்வ பாத்துட்டு, ஒரு வார்த்தயும் பேசாம மறுபடியும் அந்தப் புகைக்குள்ளயே போயிருதே."